அமெரிக்கா போகும் முன் ஒரு செக் எழுதிப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அக்கா மகளை உட்காரவைத்து ஒரு செக் எழுதச் சொன்னேன். ஒயிட்ஃபீல்டில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். அடுத்த மாதம் அவளை நியூ ஜெர்சிக்கு அனுப்புகிறார்கள். வங்கி அனுப்பிய செக் புத்தகம் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

"சித்தி, தேதிக்கு எட்டுக் கட்டம் இருக்கிறதே, அங்கேயும் இப்படித்தானா?" என்று கேட்டாள். கையெழுத்துப் போடச் சொன்னேன். மூன்று முறை போட்டாள். மூன்றும் மூன்று விதமாக இருந்தன.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அல்சூர் சந்தையில் இளநீர், கீரை, பூ எது வாங்கினாலும் கியூஆர் அட்டைதான். பூக்காரம்மாவின் ஒலிப்பெட்டி தொகையைக் கன்னடத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த முழத்தை அளக்கத் தொடங்கிவிடுகிறார். 2016-இல் யுபிஐ வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பணம் கொடுப்பதும் அது போய்ச் சேர்வதும் ஒரே காரியம். அமெரிக்காவில் அவை இரண்டு காரியங்கள், பல சமயம் இரண்டு வேறு வாரங்கள். கொடுத்த நாளுக்கும் சேர்ந்த நாளுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் புதிதாகப் போகிறவர்கள் பணத்தை இழக்கிறார்கள். நான் 2015 முதல் 2022 வரை நியூ ஜெர்சியில் இருந்தேன். இங்கிருந்து போகிற தமிழ்ப் பிள்ளைகள் யாராவது மாதம் தவறாமல் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். அவளுக்குச் சொன்னதையே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பெங்களூரிலேயே முடிக்க வேண்டியவை

கையெழுத்தை முதலில் நிலைப்படுத்துங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளதைப் போலவே, ஒரு நோட்டில் பக்கம் பக்கமாகப் போட்டுப் பழகுங்கள். அங்கே வாடகைக்கும் ஓட்டல் பில்லுக்கும் கையெழுத்துக் கேட்பார்கள்.

அடுத்தது இந்திய சிம். இதை உயிரோடு வைத்திருக்காமல் போனவர்கள் பட்ட பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்திய வங்கியின் எந்த வேலைக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். புறப்படுமுன் சர்வதேச ரோமிங்கை இயக்கி, எண் செத்துப்போகாமல் இருக்க ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அங்கே போய் ஃபோனை மாற்றினால் யுபிஐ செயலி பழைய சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பித்தான் உங்களை அடையாளம் காணும். சிம் வேலை செய்யாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். 2023 முதல் அமெரிக்கா உட்படச் சில நாடுகளின் எண்களை, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த அனுமதி உண்டு. ஆனால் அதற்கு உங்கள் வங்கியும் செயலியும் இடம் கொடுக்க வேண்டும். புறப்படுமுன் கிளையில் கேட்டுவிடுங்கள்.

கிளைக்குப் போகும்போதே கணக்கை மாற்றும் விண்ணப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்காக வெளிநாடு போய்விட்டால் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி அது என்ஆர்ஓ கணக்காக மாற வேண்டும். அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு தனி. அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை, பணத்தைத் திரும்ப எடுத்துச் செல்லவும் தடை இல்லை. என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடித்துவிடுவார்கள்.

அப்பாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று வெற்றுச் செக்குகளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வங்கியில் முறைப்படி எழுதிக்கொடுத்து அதிகாரம் அளிக்க வழி இருக்கும்போது, பீரோவில் கையெழுத்திட்ட வெற்றுத் தாள் எதற்கு?

கையில் நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை கொண்டுபோகலாம். மீதியை, டாலரை முன்கூட்டியே போட்டுவைத்துச் செலவழிக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுவார்கள். கார்டு சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உதவும்; வீடு பிடிக்க உதவாது. வீட்டு விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன்.

கணக்குத் தொடங்குவது

இறங்கிய முதல் வாரமே ஒரு வங்கிக் கிளைக்கு நேரில் போங்கள். பாஸ்போர்ட், விசா, நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவு, தங்கியிருக்கும் முகவரிக்கு ஒரு சான்று, வேலைக் கடிதம் இவை போதும். அந்நாட்டு அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் வந்த பிறகு வா என்று ஒரு கிளை திருப்பி அனுப்பினால் மனம் தளராதீர்கள். எண் இல்லாமலே தொடங்குகிற வங்கிகள் உண்டு. அடுத்த தெருவில் விசாரியுங்கள்.

செக்கிங், சேவிங்ஸ் என்று இரண்டு வகைக் கணக்கு இருக்கும். அன்றாட வரவு செலவுக்குச் செக்கிங். மாதக் கட்டணம் உண்டா, சம்பளம் நேரடியாக வந்தால் அது தள்ளுபடி ஆகுமா என்று கேளுங்கள். கூடவே இன்னொன்றையும் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: ஓவர்டிராஃப்ட். இருப்பை மீறி டெபிட் கார்டைத் தேய்த்தால் வங்கி தன் பணத்தைக் கொடுத்துவிட்டு அதற்குக் கட்டணம் பிடிக்கும். பல வங்கிகளில் ஒரு முறைக்கு 35 டாலர் வரை. கார்டுக்கும் ஏடிஎம்முக்கும் உங்கள் சம்மதம் இல்லாமல் இதைப் பிடிக்கக் கூடாது என்று 2010 முதல் விதி இருக்கிறது. படிவத்தில் அந்தச் சம்மதக் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விடுங்கள். செக்குக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்குச் சம்மதம் கேட்காமலே கட்டணம் விழும்.

சம்பளம் நேரடியாக வங்கிக்கு வர ஏற்பாடு செய்வதற்குள் முதல் தவணை காகிதச் செக்காகத் தபாலில் வந்தாலும் வரலாம். ஏற்பாடு செய்ய 'வாய்டு' என்று பெரிதாக எழுதிய ஒரு செக்கைக் கேட்பார்கள். இங்கே 'கேன்சல்' என்று குறுக்கே எழுதிக் கொடுக்கிறோமே, அதேதான்.

செக் எழுதும் முறை

நான் அதிகம் பேச விரும்புவது இதைப்பற்றி.

அமெரிக்கச் செக்கின் அடியில் மூன்று எண் வரிசைகள் இருக்கும். ஒன்பது இலக்கம் கொண்டது ரவுட்டிங் எண். நம் ஐஎஃப்எஸ்சி செய்கிற வேலையை அது செய்கிறது. மற்ற இரண்டில் ஒன்று கணக்கு எண், இன்னொன்று செக்கின் எண். உங்கள் கணக்கு எண்ணைத் தாங்கிய தாள் ஊரெல்லாம் போகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியில் மாதம் முன்னால் வரும். இதை ஒரு வரியில் கேட்டுவிட்டு மறந்துவிடுவீர்கள், நானும் மறந்தேன். 2015 செப்டம்பர் 3, வியாழக்கிழமை. முதல் முறையாக வாடகைக்குச் செக் எழுதினேன். ஐந்தாம் தேதி கெடு. நம் வழக்கப்படி 3/9/2015 என்று எழுதி, குடியிருப்பு அலுவலகத்தின் கதவில் இருந்த தகரப் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அங்கே அதன் பொருள் மார்ச் 9. அந்தத் திங்கட்கிழமை, 7-ஆம் தேதி, அவர்களுடைய தொழிலாளர் தின விடுமுறை. வங்கி மூடல். செக் என் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தபோது தேதி செப்டம்பர் 10. எழுதிய தேதியிலிருந்து ஆறு மாதம் கடந்த செக்கைப் பாஸ் செய்ய வேண்டிய கடமை அங்கே வங்கிக்கு இல்லை. ஒரு நாள் தாண்டியிருந்தது. செக் திரும்பியது. தாமதக் கட்டணம் ஒன்று, செக் திரும்பியதற்குக் கட்டணம் இன்னொன்று. கணக்கில் பணம் இருந்தது. நான் எழுதிய நாளும் கெடுவுக்குள்தான் இருந்தது. அன்று முதல் மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன். நீங்களும் 'செப் 3' என்று எழுதுங்கள். எந்த நாட்டிலும் குழப்பம் வராது.

பெயர் வரியில் யாருக்குத் தர வேண்டுமோ அவருடைய பெயரை ஒப்பந்தத்தில் உள்ளபடி எழுதுங்கள். குடியிருப்புக்கு ஊர் வழங்கும் பெயர் ஒன்று, உரிமை நிறுவனத்தின் பெயர் வேறொன்று என்று இருப்பது சகஜம். சிறு கட்டத்தில் எண்ணால் 1,850.00 என்று எழுத வேண்டும். டாலர் குறியை ஒட்டி, இடையில் இன்னொரு இலக்கத்தைச் செருக இடமில்லாமல் எழுதுங்கள். கீழே நீண்ட வரியில் எழுத்தால். டாலரை எழுத்தில் எழுதிவிட்டு 'அண்ட்' என்று சேர்த்து, சென்ட்டை 00/100 என்று பின்னமாகப் போட்டு, மிச்ச இடத்தை ஒரு கோட்டால் நிரப்ப வேண்டும். எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தே செல்லும். இடது பக்கம் கீழே 'மெமோ' என்று ஒரு வரி. அதில் வீட்டு எண்ணும் மாதமும். அதை வெறுமையாக விட்டால் உங்கள் வாடகை வேறு யார் கணக்கிலாவது வரவாகும் வாய்ப்பு உண்டு.

மூலையில் இரண்டு கோடு போட்டு 'ஏ/சி பேயீ' என்று எழுதும் நம் வழக்கம் அங்கே கிடையாது. கோடு போடாதீர்கள், செக் கெட்டுவிட்டது என்று திருப்பித் தந்தாலும் தரலாம்.

வரப்போகும் தேதியிட்ட செக் விஷயத்திலும் கவனம் வேண்டும். இங்கே வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு செக் கொடுத்தால் தேதி வரும்வரை வங்கி தொடாது. அங்கே நீங்கள் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்காவிட்டால், அடுத்த மாதத் தேதியிட்ட செக்கை இன்றே பாஸ் செய்ய வங்கிக்கு உரிமை உண்டு. தேதியை நம்பிச் செக் கொடுக்காதீர்கள்.

எழுதியதும் செக் புத்தகத்தோடு வரும் சிறு பதிவேட்டில் தேதி, எண், பெயர், தொகை, மீதி இருப்பு எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். யுபிஐ பழகியவர்களுக்கு இது பழங்காலத்து மளிகைக்கடை நோட்டு மாதிரித் தெரியும். ஆனால் இதுதான் உங்களைக் காப்பாற்றும். வங்கிச் செயலி காட்டும் இருப்பு வேறு, உங்களுக்குச் சொந்தமான இருப்பு வேறு. கொடுத்த செக்கை அவர் மூன்று வாரம் மேசையில் வைத்திருந்தால் அந்த மூன்று வாரமும் பணம் உங்கள் கணக்கில்தான் தெரியும். அதைப் பார்த்து விமான டிக்கெட் வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

செக்கைத் தபாலில் அனுப்ப நேர்ந்தால் தெருமுனை நீலப் பெட்டியில் இரவில் போடாதீர்கள். பெட்டியை உடைத்து எடுத்து, மையைக் கழுவிவிட்டு, பெயரையும் தொகையையும் மாற்றி எழுதுகிற திருட்டு அங்கே பெருகிவிட்டது. 2023-இல் அமெரிக்க நிதித்துறையே வங்கிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. தபால் நிலையத்துக்குள் போய்க் கவுன்டரில் கொடுங்கள். கறுப்பு ஜெல் பேனாவால் எழுதுங்கள். அந்த மை தாளுக்குள் ஊறிவிடுவதால் கழுவுவது கடினம்.

வீடு பிடிக்கும்போது

பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துப் பழகிய நமக்கு நியூ ஜெர்சி ஓர் ஆறுதல்: முன்பணம் ஒன்றரை மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். சிக்கல் எதில் கொடுப்பது என்பதுதான். புதியவரின் சாதாரணச் செக்கைப் பல இடங்களில் முதல் முறை ஏற்க மாட்டார்கள். திரும்பாத பணம் வேண்டும் என்பார்கள். அதற்கு இரண்டு வழி. ஒன்று, வங்கியே தன் பெயரில் எழுதித்தரும் கேஷியர்ஸ் செக். நம் டிமாண்ட் டிராஃப்ட் போன்றது. மற்றது, தபால் நிலையத்தில் வாங்கும் மணி ஆர்டர். ஊரில் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்த மணியார்டர் அல்ல இது. செக் மாதிரி ஒரு தாள். ஒரு தாளுக்கு உச்சவரம்பு 1,000 டாலர். ஆகவே 1,850 டாலருக்கு இரண்டு தாள். ரொக்கமோ டெபிட் கார்டோ கொடுத்து வாங்கலாம், கிரெடிட் கார்டு செல்லாது. வாங்கிய இடத்திலேயே பெயரை எழுதிவிடுங்கள். பெயரில்லாத மணி ஆர்டர் கீழே விழுந்தால் எடுத்தவருக்குச் சொந்தம். அடிச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

செக் உங்களுக்கு வந்தால்

பின்பக்கத்தில் மேலே கையெழுத்துப் போட்டு, மொபைல் டெபாசிட்டுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி, இரு பக்கமும் வங்கிச் செயலியில் படம் எடுத்து அனுப்பினால் போதும். தாளை உடனே கிழித்துவிடாமல் சில வாரம் வைத்திருங்கள்.

இங்கே ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வீடு காலி செய்யும்போது ஒரு சோபாவை 200 டாலருக்கு விற்க விளம்பரம் கொடுக்கிறீர்கள். ஒருவர் 1,200 டாலருக்குச் செக் அனுப்புகிறார். "தவறாக அதிகம் எழுதிவிட்டேன், வண்டிக்காரருக்கு 1,000 கொடுத்துவிடுங்கள்" என்கிறார். நீங்கள் செக்கைப் போடுகிறீர்கள். இரண்டு நாளில் இருப்பில் 1,200 ஏறிவிடுகிறது. நம் பழக்கம் என்ன சொல்கிறது? பணம் வந்துவிட்டது. 1,000 டாலரை அனுப்பிவிடுகிறீர்கள். இரண்டு வாரம் கழித்துச் செக் போலி என்று திரும்புகிறது. வங்கி 1,200 டாலரையும் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வங்கியைக் குற்றம் சொல்ல முடியாது. குறிப்பிட்ட நாளுக்குள் பணத்தை எடுக்க விட வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. செக் உண்மையிலேயே பாஸ் ஆனதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். இருப்பில் தெரிகிற பணம் கைக்கு வந்த பணம் ஆகாது. கேட்ட தொகைக்கு மேல் ஒரு சென்ட் அதிகமாக எழுதிய செக்கையும் வாங்காதீர்கள், தந்தவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும்.

'வேலை நாள்' என்ற கணக்கு

நம் ஊரில் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தே நாள் முழுவதும், ஞாயிறு உட்பட ஓடுகிறது. அங்கே வங்கிக்கு வங்கி பணம் போகும் சாதாரண வழியான ஏசிஹெச் ஒன்றிலிருந்து மூன்று வேலை நாள் எடுக்கும்; சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளில் நகராது. வெள்ளி மாலை அனுப்பியது புதன்கிழமை சேர்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வயர் என்ற அவசரப் பரிமாற்றம் அன்றே போகும், ஆனால் அனுப்ப 25, 30 டாலர் கேட்பார்கள். 2017 முதல் ஜெல் என்ற சேவை இருக்கிறது. வங்கிச் செயலிக்குள்ளேயே தொலைபேசி எண்ணை வைத்து நொடியில் அனுப்பலாம். யுபிஐக்கு மிக அருகில் வருவது அதுதான். தெரிந்தவர்களோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், போனது போனதுதான்.

வங்கி இணையதளத்தில் 'பில் பே' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மின்னல் வேகத்தில் பணம் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். பெறுகிறவர் மின்வழியில் பணம் வாங்காதவராக இருந்தால் நடப்பது வேறு: வங்கி எங்கோ ஒரு கட்டடத்தில் உங்கள் பெயரில் காகிதச் செக் அச்சடித்து, உறையில் போட்டு, ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் அனுப்புகிறது. கெடுவுக்கு ஏழு நாள் முன்னாலேயே அழுத்திவிடுங்கள்.

அரசாங்கம் மட்டும் மாறிவருகிறது. வரித் தொகையைத் திருப்பித் தருவது உட்பட, மத்திய அரசு தரும் பணத்துக்கான காகிதச் செக்குகளை 2025 செப்டம்பர் 30-லிருந்து நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். வரிப் படிவத்தில் ரவுட்டிங் எண்ணையும் கணக்கு எண்ணையும் பிழையில்லாமல் எழுத இது ஒரு காரணம்.

சில்லறையும் கார்டும்

பழைய குடியிருப்புகளில் துணி துவைக்கும் இயந்திரம் அடித்தளத்தில் பொதுவாக இருக்கும். 25 சென்ட் நாணயம் போட்டால்தான் சுற்றும். வங்கிக் கவுன்டரில் 10 டாலர் நோட்டை நீட்டி ஒரு 'ரோல்' கேளுங்கள். நாற்பது நாணயங்களைக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றி, மெழுகுவத்தித் துண்டு போலத் தருவார்கள். மேசை இழுப்பறையில் அது எப்போதும் இருக்கட்டும்.

நாணயங்களைப் பார்த்து முதல் வாரம் திகைப்பீர்கள். நம் காசில் 5, 10 என்று எண் பெரிதாக இருக்கும். அவர்களுடைய நாணயத்தில் மதிப்பு எழுத்தில் மட்டும், அதுவும் பொடியாக. பத்து சென்ட் காசு ஐந்து சென்ட் காசைவிடச் சின்னது. கடைக் கவுன்டரில் பின்னால் வரிசை நிற்கும்போது தடுமாறாமல் இருக்க, வீட்டில் ஒருநாள் மேசையில் பரப்பித் தொட்டுத் தொட்டுப் பழகுங்கள். பொருளின் மேல் ஒட்டிய விலை முழு விலையும் அல்ல. விற்பனை வரி கவுன்டரில்தான் சேரும். நியூ ஜெர்சியில் 6.625 சதவீதம், துணிமணிக்கும் பெரும்பாலான மளிகைக்கும் இல்லை.

ஓட்டலில் 'செக்' என்றால் பில். அதைக் கேட்டால் கொண்டுவருவார்கள். நீங்கள் கார்டை வைத்தால் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். இங்கே யாராவது அப்படிச் செய்தால் எழுந்து பின்னாலேயே ஓடுவோம். அங்கே அது வழக்கம், அமைதியாக இருங்கள். இரண்டு சீட்டு வரும். பில் தொகைக்குக் கீழே டிப்ஸ் எழுதி, கூட்டி, கையெழுத்திட்டு ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். 15 முதல் 20 சதவீதம் வழக்கம். பரிமாறுகிறவர்களின் அடிப்படைக் கூலி அங்கே மிகக் குறைவு, ஆகவே குறைக்காதீர்கள். கார்டில் முதலில் டிப்ஸ் இல்லாத தொகை தெரியும்; ஓரிரு நாளில் முழுத்தொகை வரும். உங்கள் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடிபி கேட்காமலே பணம் போவது முதலில் பயமாக இருக்கும். கிரெடிட் கார்டாக இருந்தால் தவறான பற்றை எதிர்த்து வங்கியிடம் எழுதலாம், பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். டெபிட் கார்டில் சொந்தப் பணம் மாட்டிக்கொள்ளும். வெளியே தேய்ப்பதற்குக் கிரெடிட் கார்டே நல்லது.

பெட்ரோல் பங்க்கில் இயந்திரம் கார்டுக்குரிய அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்கும். அதற்கு ஐந்து இலக்கம்தான் புரியும். நம் கார்டின் ஆறு இலக்கப் பின்கோடு புரியாது. உள்ளே போய்க் காசாளரிடம் முன்கூட்டிக் கொடுத்துவிட்டு வந்து நிரப்புங்கள். நியூ ஜெர்சியில் மட்டும் இந்தக் கவலை இல்லை. அங்கே பெட்ரோலை ஆள் வந்துதான் நிரப்ப வேண்டும் என்பது சட்டம்.

கடன் வரலாறு

இங்கே கடனை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அங்கே நீங்கள் நேற்றுப் பிறந்தவர். வங்கியில் 200 டாலரோ அதற்கு மேலோ ஈடாகக் கட்டி, அந்த அளவுக்கு ஒரு 'செக்யூர்டு' கிரெடிட் கார்டு வாங்குங்கள். மளிகைக்கு மட்டும் பயன்படுத்தி, முழுத்தொகையும் கெடுவுக்குள் தானாகப் போகும்படி அமைத்துவிடுங்கள். ஒரு வருடத்தில் ஓரளவு பெயர் உருவாகிவிடும்.

ஊருக்கு அனுப்பும்போது

வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர்ஸ் செக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் 2026 ஜனவரி முதல் ஒரு சதவீத வரி உண்டு. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ அங்கே தந்த டெபிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் இல்லை.

இன்னொன்று, பலர் ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விடுவது. வரி விஷயத்தில் நீங்கள் அமெரிக்கவாசி ஆகிவிட்டால், இந்தியாவில் உள்ள எல்லாக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அமெரிக்க நிதித்துறைக்கு எஃப்பார் படிவம் தர வேண்டும். என்ஆர்ஓ, நிரந்தர வைப்பு, அம்மாவோடு சேர்த்து வைத்த கூட்டுக் கணக்கு எல்லாம் அதில் அடங்கும். வரி கட்டச் சொல்லும் படிவம் அல்ல அது, தகவல்தான். தராமல் விட்டால் அபராதம் கடுமையானது. கணக்குகளின் பட்டியலைப் புறப்படுமுன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது

கணக்கைக் கடைசியாக மூடுங்கள், விமானம் ஏறும் அன்று அல்ல. வீட்டு முன்பணத்தை உரிமையாளர் திருப்பித் தர நியூ ஜெர்சிச் சட்டம் 30 நாள் அவகாசம் தருகிறது. அதுவும் பெரும்பாலும் காகிதச் செக்காக, நீங்கள் எழுதிக்கொடுத்த முகவரிக்குத் தபாலில் வரும். 2022-இல் நான் அல்சூர் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தேன். டாலர் செக் பெங்களூர் வந்து சேர்ந்தது. அதை வசூலுக்கு எடுத்துக்கொள்ள இங்கே எந்தக் கிளையும் முன்வரவில்லை. அமெரிக்கக் கணக்கு அப்போதும் திறந்திருந்ததால் பிழைத்தேன். பின்பக்கம் கையெழுத்திட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்துச் செயலியில் படம் எடுக்கப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து அந்த வசதி வேலை செய்யவில்லை. நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் இருக்கும் தோழிக்குக் கூரியரில் அனுப்பி, அவர் என் வங்கியின் கிளைக்குப் போய் என் கணக்கில் போட்டார். பதினெட்டு நாள் ஆனது. நீங்கள் அங்கே நம்பிக்கையான ஒருவரின் முகவரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பதிவேட்டைத் திறந்து, கொடுத்த ஒவ்வொரு செக்குக்கும் நேரே பாஸ் ஆன தேதி விழுந்துவிட்டதா என்று பாருங்கள். கடைசிச் செக்குக்கும் விழுந்த பிறகு கணக்கை மூடச் சொல்லி எழுதுங்கள்.